போன கிழமை சொன்ன அதே பதில்

ஷரோன், நிரோஷன், இதை உங்கள் இரண்டு பேருக்காகத்தான் எழுதுகிறேன். இங்கே லண்டனில் எங்கள் கத்தோலிக்கப் பங்கின் தமிழ் மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கோயிலில் கேட்டார்கள். அதனால் வேறு ஆட்களும் இதை வாசிப்பார்கள். அவர்களில் சிலருக்குக் காலில் ஒரு சின்னப் புண் இருக்கலாம். அதைப் பற்றி வீட்டில் சொல்லாமலும் இருக்கலாம். அவர்களும் வாசிக்கட்டும். ஆனால் முதலில் நீங்கள். எனக்குச் சர்க்கரை, என் அப்பாவுக்கும் சர்க்கரை. ஒரு நாள் அது உங்களைத் தேடியும் வரக்கூடும். வந்தால் உங்களுக்குப் போன் எடுத்துக் கேள்வி கேட்க ஆட்கள் வருவார்கள். அவர்களுக்கு எப்படிப் பதில் சொல்லக்கூடாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஷரோன், தம்பிக்குத் தமிழ் வாசிக்கக் கஷ்டம். நீ வாசித்துச் சொல். நடுவில் நான் முட்டாள்தனமாக நடந்த இடம் வரும். அதை விட்டுவிட்டு வாசிக்காதே.

அது வேலை முடிந்து வந்த ஒரு பின்னேரம் தொடங்கியது. வேர்ஹவுசில் பழப்பெட்டி ஏற்றி இறக்குவதற்கு முனையில் இரும்பு வைத்த சப்பாத்துத்தான் போட வேண்டும். அதைக் கழற்றினேன். வலது கால் சொக்ஸ் ஈரமாக இருந்தது. குளிர் அறையில் நிலம் எப்போதும் ஈரம், அதுதான் ஊறிவிட்டது என்று நினைத்தேன். சொக்சைக் கழற்றிப் பிழிந்தபோது தண்ணீரின் நிறம் வேறாக இருந்தது. பெருவிரலுக்குக் கீழே ஒரு கொப்புளம் உடைந்து கிடந்தது. எப்போது வந்தது, எப்போது உடைந்தது, ஒன்றும் தெரியாது. வலி கொஞ்சமும் இல்லை. வலி இல்லாதபடியால் பெரிய விஷயம் இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

ஜீ.பி.யிடம் (நமது பகுதிக் குடும்ப வைத்தியர்) போனபோது, அங்கிருந்த நேர்ஸ் என்னைக் கண்ணை மூடச் சொன்னார். ஒரு நைலோன் நூலால் பாதத்தில் தொடுவதாகவும், படும்போது சொல்லும்படியும் சொன்னார். நான் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். அவர் இன்னும் தொடங்கவில்லை என்று நினைத்தேன். கண்ணைத் திறந்து பார்த்தால், அவர் முடித்துவிட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

நியூரோபதி (சர்க்கரையால் நரம்புகள் உணர்வை இழப்பது) என்று சொன்னார். அன்ரிபயோட்டிக் குளிசை தந்தார்கள். பாத கிளினிக்குக்கு உடனே அனுப்பினார்கள். அங்கே செத்த தோலை வெட்டி, மருந்து வைத்துக் கட்டி, நிற்கிற வேலையைக் குறைக்கச் சொன்னார்கள். கிழமைக்கு ஒருமுறை வரவும் சொன்னார்கள். 'இதைக் கவனிக்காவிட்டால் காலை இழக்க நேரும்' என்று அந்த முதல் நாளே சொன்னார்கள். ஆகவே பிள்ளைகளே, ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை என்று நான் சொல்ல முடியாது.

அதன் பிறகு கிரேஸ் போன் எடுத்தார்.

இந்த நாட்டில் நோய் வந்தால் ஆஸ்பத்திரியில் கையில் காசு கொடுக்கத் தேவையில்லை. எல்லோரும் கட்டும் வரியிலும் நேஷனல் இன்சூரன்சிலும் இருந்து அது நடக்கிறது. ஆனால் யாரை எங்கே அனுப்புவது, யாரை வீட்டிலேயே வைத்துப் பார்ப்பது என்பதை வேறு ஆட்கள் இருந்து தீர்மானிக்கிறார்கள். எனக்குச் சர்க்கரை, பிரஷர், சிறுநீரகத்திலும் கொஞ்சம் பழுது. சம்பளம் குறைவு, மேலே அரசு தரும் கொஞ்சம் பெனிபிட் காசு. இப்படிப் பல வருத்தமும் குறைந்த வருமானமும் உள்ளவர்களைத் தனியாகப் பிரித்து ஒரு ஆளின் பொறுப்பில் விடும் திட்டம் ஒன்று எங்கள் பகுதியில் இருந்தது. எனக்குக் கிடைத்த கெயார் கோஓடினேற்றர் (ஒருவருடைய எல்லா வைத்தியத்தையும் ஒரே இடத்தில் இருந்து ஒழுங்குபடுத்துபவர்) கிரேஸ். கானா நாட்டவர் என்று பிறகு தெரிந்தது. அப்போது எனக்கு அவர் ஒரு குரல் மட்டும்தான்.

அந்தக் குரல் முதல் நாளே கேட்டது: வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள், மாடிப்படி இருக்கிறதா, என்ன வேலை, எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள், யார் சமைக்கிறார்கள், குளிருக்கு ஹீட்டர் போடுகிறீர்களா. காலில் புண் என்று போனவனிடம் ஹீட்டரைப் பற்றி ஏன் கேட்கிறார்கள்? பெனிபிட் ஒபிஸ் ஆட்கள் கேட்பது போலவே எனக்குப் பட்டது. நான் கேட்டதற்கு மட்டும், சுருக்கமாக, நல்லதாகவே பதில் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தேநீர் குடிக்கும்போது சூசை அண்ணையிடம் இதைச் சொன்னேன். அவருக்கு இந்த நாட்டில் எல்லாம் தெரியும் என்று எங்களுக்கு ஒரு எண்ணம்.

"டேய் பிரான்சிஸ், உன்னைச் செலவு கூடின ஆள் எண்டு பிரிச்சுப் போட்டாங்கள். இனிப் பெரிய டொக்டரைக் கனவிலதான் பாப்பாய்."

"இல்லை அண்ணை, உதவித் திட்டம் எண்டுதான் சொன்னவ."

"உதவியோ? உன்ர மனிசியே உனக்குப் போன் எடுத்துச் சுகம் கேக்கிறேல்லை. ஆரெண்டு தெரியாத ஒருத்தி கிழமைக்குக் கிழமை எடுத்துக் கேக்கிறாள். சும்மா கேப்பாளோ? யோசி."

"பெனிபிட்காரருக்கும் சொல்லுவினமோ?"

"எல்லாக் கொம்பியூட்டரும் ஒண்டுதான் தம்பி. இஞ்ச தட்டினால் அங்க மணி அடிக்கும்."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிற்க ஏலாத ஆள் என்று எழுதிவிட்டால் வேர்ஹவுசுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி என்னை மறுநாளே நிறுத்தும். அது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

இப்போது நீங்கள் அறியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் இந்த நாட்டுக்கு வந்து அகதியாகப் பதிந்தபோது என்னை ஓர் அறையில் வைத்து விசாரித்தார்கள். காலையில் ஒரு கேள்வி. மத்தியானம் அதே கேள்வி, வேறு பக்கத்தால். என்னோடு ஒரே வீட்டில் இருந்த ஒருவன் முதலில் சொன்னதில் ஒரு சின்ன விஷயத்தைப் பிறகு திருத்திச் சொன்னான். உண்மையைத்தான் திருத்தினான். கதை மாறுகிறது என்று சொல்லி அவனை மறுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் ஆட்கள் ஒவ்வொருவரும் அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்தது இதைத்தான்: முதலில் என்ன சொன்னாயோ அதையே சொல். உண்மையாக இருந்தாலும் மாற்றாதே.

எனக்கு விசா கிடைத்தது, பிறகு பாஸ்போட் கிடைத்தது, நீங்கள் பிறந்தீர்கள். அந்தப் பாடம் மட்டும் எனக்குள்ளேயே கிடந்தது.

கிரேஸ் கிழமைதோறும் எடுத்தார். கேள்விகள் மாறவில்லை. காய்ச்சல் இருக்கிறதா? புண் மணக்கிறதா? பெரிதாகிறதா? குளிசை எடுத்து முடித்தீர்களா? ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பவர் என்ன தேடுகிறார் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். நான் எங்கே தடுமாறுகிறேன் என்று பார்க்கிறார். நான் தடுமாறவில்லை. காய்ச்சல் இல்லை, மணம் இல்லை, அப்படியே இருக்கிறது, குளிசை முடிந்தது, மனைவி கட்டுகிறா. போன கிழமை சொன்ன அதே பதில், அதே ஒழுங்கில்.

முதல் கிழமை அது பெரும்பாலும் உண்மை. பிறகு ஒவ்வொன்றாக உண்மை இல்லாமல் போனது. குளிசை வயிற்றைப் பிரட்டியது. ஷிப்டில் நின்று சத்தி எடுக்க ஏலாது என்று பாதியில் நிறுத்தினேன். உங்கள் அம்மா கட்டவில்லை. நானே குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு கட்டினேன். பாத கிளினிக்கைக் காலை ஷிப்டுக்காக ஒருமுறை தவறவிட்டேன். அதற்குக் காரணம் கேட்பார்கள் என்று பயந்து, புண் ஆறுகிறது, இனி வரத் தேவையில்லை என்று கிரேசிடம் சொன்னேன்.

அவர் நம்பினார். 'மிகவும் நல்லது' என்றார். நேரில் பார்க்கும் பிரிவில் இருந்து என்னைப் போனில் மட்டும் விசாரிக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள்.

இங்கே என் மூளை எப்படி வேலை செய்தது என்று பாருங்கள். நான் பொய் சொல்கிறேன். அவர்கள் அதை மறுபேச்சில்லாமல் ஏற்கிறார்கள். அது எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. சூசை அண்ணை சொன்னது சரி என்று நினைத்தேன். ஒரு ஆளைக் குறைக்க வழி தேடி இருக்கிறார்கள், நான் வாயைத் திறந்தவுடன் பிடித்துக்கொண்டார்கள். அவர்களை நான் ஏமாற்றினேன், அவர்கள் என்னைக் கைவிட்டார்கள் என்று இரண்டையும் ஒரே நேரத்தில் நம்பினேன்.

நிரோஷன், செத்த எலியைத் தேடிய நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். முன் அறையில் ஏதோ மணக்கிறது என்று அம்மா சொன்னா. இந்த வரிசை வீடுகளில் சுவருக்குள் எலி சாவது புதினம் இல்லை. நீயும் அக்காவும் சோபாவை இழுத்தீர்கள். அம்மா ரோச் லைற் அடித்து ஹீட்டருக்குப் பின்னால் பார்த்தா. நான் மற்றக் கதிரையில், காலுக்கு மேலே போர்வையைப் போட்டுக்கொண்டு, 'பக்கத்து வீட்டுக்காரன்ர பக்கம்தான் செத்திருக்கும்' என்று ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு நடுங்கியது. அது குளிர் என்று சொன்னேன்.

பிறகு நான் எழும்பித் தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போனேன். மணமும் என்னோடு குசினிக்கு வந்தது.

அம்மா என்னைப் பிடித்து இருத்தி, சொக்சைக் கழற்றி, கட்டை அவிழ்த்தா. நெடுநேரம் பார்த்தா. பிறகு தலையைத் திருப்பி உங்கள் பக்கம் சொன்னா: "சோபாவைத் திருப்பி வையுங்கோ பிள்ளையள். எலியைக் கண்டுபிடிச்சிட்டன்."

நீங்கள் இருவரும் சிரித்தீர்கள். உங்களுக்கு அது என்ன என்று தெரியாது.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று அம்மா பிடிவாதமாக நின்றா. கிரேசின் போன் வரும் நாள் அது. முதலில் அதை முடிப்போம் என்றேன். போன் வந்தது. கை ஈரம் என்று ஸ்பீக்கரில் போட்டேன். காய்ச்சல் இல்லை என்றேன். மணம் இல்லை என்று சொல்லத் தொடங்கியபோது அடுப்படியில் நின்ற அம்மா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கத்தினா: "ஸ்மெல்! பிக் ஸ்மெல்!"

நான் போனை வெட்டினேன்.

"என்னடி செய்தனி? நான் ஒண்டு சொல்ல நீ ஒண்டு சொன்னால் ரெண்டு பேரையும் பொய்க்காரர் எண்டு எழுதுவாங்கள்."

"எழுதட்டும். கால் மணக்குது."

"இவ்வளவு நாளும் ஒரே மாதிரிச் சொல்லிக்கொண்டு வந்தனான். எல்லாத்தையும் குழப்பிப் போட்டாய்."

"இஞ்ச பாருங்கோ, இது விசா இல்லை. இது கால். விசாவை மறுத்தால் அப்பீல் பண்ணலாம்."

போன் திரும்ப அடித்தது. நான் தொடவில்லை. அம்மா எடுத்தா. பாடசாலைச் சாப்பாட்டு அறையில் வேலை செய்து பழகிய ஆங்கிலத்தில், கால் கறுத்திருக்கிறது, மேலே சிவந்து போகிறது, நேற்று நடுங்கினார், என்று சொல்லி முடித்தா. நீங்கள் ஏன் முன்பு வேறு மாதிரிச் சொன்னீர்கள் என்று கிரேஸ் கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. தான் பாதப் பிரிவுக்கு இப்போதே போன் எடுப்பதாகவும், உடனே ஒரு மினிகெப் பிடித்து நேராக அங்கே வரும்படியும், எமர்ஜென்சியில் வரிசையில் நிற்கவேண்டாம் என்றும் சொன்னார். யாரை நான் கதவைப் பூட்டி வைத்திருப்பவர் என்று நினைத்தேனோ, அவர் கையில்தான் அந்தப் பூட்டின் திறப்பும் இருந்தது.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள், பிறகு ஸ்கான். ஒஸ்ரியோமைலைற்றிஸ் (கிருமி எலும்புக்குள் புகுந்து அரிப்பது). அறுவை செய்யும் டொக்டர் உயரமான ஓர் ஐரிஷ் பெண். அவர் கட்டில் விளிம்பில் இருந்து என் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு பேசினார். பெருவிரல் போகும், அதில் சந்தேகம் இல்லை. மிச்சக் கால் நிற்குமா, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வருமா என்பது மருந்து கேட்பதைப் பொறுத்தது என்றார்.

ஷரோன், நீதான் மொழிபெயர்க்கத் தொடங்கினாய். இப்படிப்பட்ட விஷயத்தைப் பிள்ளையைக் கொண்டு சொல்லவைக்க மாட்டோம் என்று சொல்லி, போனில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தார்கள். ஒரு பெண் குரல் வந்தது. எங்கள் பேச்சு.

லண்டனில் எங்கள் ஆட்கள் எத்தனை பேர்? இந்தக் குரல் நாளைக்கு எந்தக் கோயிலில், எந்தக் கல்யாண வீட்டில் எனக்குப் பக்கத்தில் இருக்கும்?

"தங்கச்சி, நீங்கள் எவடம்?"

"நான் உங்கட ஊரைக் கேக்கேல்லை அண்ணை. நீங்களும் என்ர ஊரைக் கேக்காதேங்கோ. டொக்டர் கேக்கிறதுக்குச் சொல்லுங்கோ."

டொக்டர் கேட்டார்: முதலில் தந்த குளிசையை முழுவதும் எடுத்தீர்களா? முழுவதும் எடுத்தும் கிருமி நிற்கிறது என்றால் அதைவிடக் கடுமையான மருந்து ஏற்ற வேண்டும். அது உங்கள் சிறுநீரகத்தை இன்னும் பழுதாக்கக் கூடும். எடுக்கவில்லை என்றால் வேறு வழி இருக்கிறது. பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்க நேரம் இல்லை.

"எடுத்து முடிச்சனான்" என்றேன். வாய் தானாகச் சொன்னது.

டொக்டர் திரையைப் பார்த்தார். இங்கே ஒவ்வொரு கிழமையும் அதே வசனம் எழுதியிருக்கிறது, ஆனால் இந்தக் கால் அதைச் சொல்லவில்லை என்றார். போன் வழியாக அது தமிழில் வந்தது. பிறகு அந்தக் குரல், முன்பைவிட மெதுவாக:

"அண்ணை, மாத்திச் சொன்னாலும் பரவாயில்லையாம்."

நான் அழுதேன் என்று ஷரோன் பிறகு எல்லோருக்கும் சொன்னாள். அழவில்லை. மூக்கு அடைத்தது.

"எடுக்கேல்லை. பாதியில விட்டிட்டன். சத்தி வந்தது. காய்ச்சலும் ஞாயிற்றுக்கிழமை பூசையிலயே இருந்தது. கட்டினது மனிசி இல்லை, நான்" என்றேன். ஒருமுறை தொடங்கினதும் நிற்கவில்லை. அந்தப் பெண் ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தார். டொக்டர் தலையை ஆட்டி எழுதினார். யாரும் என்னைப் பொய்க்காரன் என்று பார்க்கவில்லை. மருந்தை மாற்றுவது பற்றிப் பேசினார்கள்.

போன் வைத்த பிறகு ஷரோனிடம் கேட்டேன்: "மாத்திச் சொல்லலாம் எண்டு டொக்டர் எப்ப சொன்னவ?"

"டொக்டர் அப்பிடிச் சொல்லவே இல்லை அப்பா. அந்த ஆன்ரி தானாச் சொன்னவ. அப்பிடித் தானாச் சொல்ல விடமாட்டினம், ஷீ'ஸ் நொட் ஈவன் அலவுட்."

அந்தப் பெண் யார் என்று எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் பேசுகிற அதே ஆட்கள்தான் விசாரணை அறைகளிலும் மொழிபெயர்க்கப் போகிறார்கள் என்று கேள்வி. அங்கே ஒரு வார்த்தை கூட்டிச் சொல்ல ஏலாமல் இருந்தவர், இங்கே கூட்டிச் சொன்னாரோ என்று நினைத்துக்கொள்வேன். வெறும் தவறாகவும் இருக்கலாம்.

பெருவிரலையும் அதற்குப் பின்னால் உள்ள எலும்பில் ஒரு துண்டையும் எடுத்தார்கள். கால் தப்பியது. புண்ணைத் தைக்காமல் திறந்தே விட்டு, அதன் மேல் பஞ்சு வைத்து மூடி, ஒரு சின்ன இயந்திரத்தை மாட்டினார்கள். வாக்கம் கட்டு (புண்ணில் ஊறும் நீரை ஓயாமல் உறிஞ்சி எடுப்பது) என்று பெயர். அது குறட்டை விடுவது போலச் சத்தம் போடும். அம்மா வந்து கேட்டா: "இது ஆற்ற குறட்டை, உங்கடையோ மிசினோ?" உங்கள் அம்மாவுக்கு என் மேல் கோபம் ஆறத் தொடங்கியது அந்த நாள்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு கிரேஸ் நேரில் வந்தார். நரைத்த தலை, கனத்த பை, படி ஏறி மூச்சு வாங்கியது. தேநீர் வேண்டாம், தண்ணீர் போதும் என்றார். ஷரோன் பக்கத்தில் இருந்தாள். நான் என் ஆங்கிலத்தில், ஷரோன் ஒட்டுப்போட, மனதில் இருந்ததை முகத்துக்கு நேரே கேட்டேன். அவர் சொன்னதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"இந்தத் திட்டம் என்னை ஆஸ்பத்திரிக்கு விடாமல் வைக்கத்தானே?"

"ஓம். ஒரு பங்கு அதுக்குத்தான். ஆஸ்பத்திரியில ஆக்கள் கிடந்தால் செலவு. உங்களுக்கு அங்க கிடக்க விருப்பமோ?"

"இல்லை."

"அப்ப அந்த விஷயத்தில நாங்கள் ரெண்டு பேரும் ஒரே பக்கம்."

"நான் சொல்லுறது பெனிபிட் ஒபிசுக்குப் போகுமோ?"

"உங்களைக் கேக்காமல் நான் அனுப்பமாட்டன். நாட்டில இருக்கிற எல்லாக் கொம்பியூட்டருக்கும் நான் பொறுப்புச் சொல்ல ஏலாது."

அவர்தான் தொடர்ந்தார். தண்ணீர்க் கிளாசைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "என்ர பொறுப்பில கனபேர். நீங்கள் நல்லம் எண்டு சொன்னனீங்கள், எனக்கும் அது சுகமா இருந்தது. கிழமைக்குக் கிழமை ஒருதற்ற புண்ணும் ஒரே மாதிரி இருக்காது. எனக்கு அது தெரியும். ஆனால் நான் வந்து பாக்கேல்லை."

நான் சந்தேகப்பட்டது சரி என்று அவர் வாயாலேயே வந்துவிட்டது. பிள்ளைகளே, அந்த இடத்தில்தான் நான் அவரை நம்பத் தொடங்கினேன். முழுவதும் இல்லை. நம்பக்கூடிய அளவுக்கு.

இதில் இருந்து நீங்கள் என்ன எடுத்துக்கொள்ள வேண்டும் என்று யோசித்தேன். சந்தேகப்படாதே என்று சொல்ல என்னால் ஏலாது. ஏஜென்சி என்னை நிறுத்தும் என்று சந்தேகப்பட்டேன், நிறுத்தினார்கள். அது என்னைச் செலவாகப் பார்க்கும் திட்டம் என்று சந்தேகப்பட்டேன். அதிலும் பாதி உண்மை. போனில் நல்லம் என்று சொன்னால் மேலே கேட்காத ஒரு முறையை யாரோ ஒருவர் நன்றாக யோசித்துத்தான் செய்திருக்கிறார். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஆனால் நான் சந்தேகத்தை அவர்களிடம் கேட்காமல் என் காலுக்குள் மறைத்து வைத்தேன். அவர்கள் ஒன்றும் இழக்கவில்லை. சந்தேகம் வந்தால் கேளுங்கள். ஏன் என்னை இந்தப் பிரிவுக்கு மாற்றினீர்கள், யார் தீர்மானித்தது, நேரில் யார் பார்ப்பார் என்று கேளுங்கள். உடம்பைப் பற்றி மட்டும் உள்ளதைச் சொல்லுங்கள். உடம்பு நேற்றுச் சொன்னதை இன்று மாற்றும். அதற்குப் பொய் தெரியாது.

சூசை அண்ணை என் கட்டைப் பார்த்துவிட்டு, "பாத்தியே, நான் அப்பவே சொன்னனான்" என்றார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அவர் தன் சப்பாத்தைக் கழற்றிப் பார்க்கிறாரா என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார்.

புண் மூட மாதங்கள் எடுத்தன. முன்பு எனக்கு நேரம் என்றால் ஷிப்ட். காலை ஷிப்ட், பின்னேர ஷிப்ட், இடையில் நித்திரை. இப்போது நேரம் தோல் வளர்கிற வேகத்தில் போகிறது. கட்டு மாற்றும் நேர்ஸ் ஒவ்வொரு முறையும் அளந்து, 'கொஞ்சம் வந்திருக்கிறது' என்பார். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதற்காக ஒரு கிழமை முழுவதும் காத்திருக்கப் பழகிவிட்டேன்.

உடம்பும் வேறாகிவிட்டது. இல்லாத பெருவிரல் சில நாட்களில் கடிக்கிறது, சொறிய வேண்டும் போல இருக்கிறது. இருக்கிற விரல்கள் ஒன்றும் சொல்வதில்லை. என் கால் எப்படி இருக்கிறது என்று எனக்கு உள்ளே இருந்து தெரியாது. அடுத்த ஆளின் காலைப் பார்ப்பது போல, பார்த்துத்தான் அறிய வேண்டும்.

புண் மூடிய பிறகு என்னைத் திட்டத்தில் இருந்து விடுவித்தார்கள். கிரேஸ் கடைசியாகப் போன் எடுத்து வாழ்த்துச் சொன்னார். அடுத்த கிழமை அந்த நேரத்துக்குப் போன் அடிக்கவில்லை. அவர் ஏன் எடுக்கிறார் என்று சந்தேகப்பட்ட ஆள், இப்போது ஏன் எடுக்கவில்லை என்று சந்தேகப்பட்டேன்.

ஒரு நாள் காலை, நீங்கள் படிக்கப் போய்விட்டீர்கள், அம்மா வேலைக்குப் போய்விட்டா. குளியல் தொட்டி விளிம்பில் இருந்து, குனிந்து பார்க்க ஏலாதபடியால், இடது பாதத்தின் அடியைத் தினமும் போலப் போனில் படம் பிடித்தேன். குதிக்காலின் ஓரத்தில் ஒரு சிவப்பு. முந்தின நாள் எடுத்த படத்தில் அது இல்லை. விரலால் அழுத்தினேன். வலி இல்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று நினைத்தேன். இப்போதுதான் விடுவித்தார்கள், திரும்ப உள்ளே வரக் கதை சொல்கிறான் என்று நினைப்பார்களோ என்றும் நினைத்தேன்.

பிறகு அப்படியே இருந்தபடி கிளினிக்குக்குப் போன் எடுத்தேன். காத்திருக்கச் சொல்லி நெடுநேரம் பாட்டுப் போனது. ஓர் இளம் பெண் வந்து பெயரைக் கேட்டாள், பிறந்த திகதியைக் கேட்டாள், தட்டினாள். கடைசியாகச் சொன்னதில் இருந்து ஏதாவது மாற்றம் இருக்கிறதா என்று கேட்டாள்.

"ஓம்" என்று தமிழில் வந்துவிட்டது. பிறகு அவளுக்கு விளங்கும்படி, "யெஸ்" என்றேன்.